ஐம்பத்துநாலுக்கு இறங்கியவன்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. கள்ளத் தராசு என்று தெரிந்தும், ஒரு மாதம் முழுக்கத் தினமும் அதன்மேல் ஏறி நின்று, அது காட்டிய எடையை நம்பியவன் நான். தெரிந்தும் என்றால், யாரோ சொல்லித் தெரிந்ததல்ல. அதைக் கள்ளத் தராசாக ஆக்கியதே நான்தான்.

எழுபதுகளின் கடைசி. கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் ஒரு பூண்டு மண்டியில் எடை போடுவது என் வேலை. மேல்மலை ஊர்களிலிருந்து மூட்டைகள் வரும். மேடைத் தராசின் கம்பியில் நகரும் குண்டுக்கு அடியில், முதலாளி சொன்னபடி, விரல்நகம் அளவு ஈயத்தை உருக்கி ஒட்டியிருந்தேன். அறுபது கிலோ மூட்டையை ஏற்றினால் தராசு ஐம்பத்தெட்டரை காட்டும்.

"வீட்டுல நிறுத்தப்ப கூட இருந்துச்சே தம்பி" என்பார் கொண்டு வந்தவர்.

"வர்ற வழியில ஈரம் காஞ்சிருக்கும்ங்க" என்பேன். முகத்தில் ஒரு நரம்பு அசையாது. இப்போது நினைத்தால் அந்த முகத்தில் ஓங்கிக் குத்தத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் அதற்கும் ஆட்கள் இருந்தார்கள்.

ஏனென்றால் சாயங்காலம் ஆனால் நான் குத்துச்சண்டைக்காரன். நாயுடுபுரத்தில் என் வீட்டுக்கு நாலு சந்து தள்ளி ஒரு பழைய உருளைக்கிழங்குக் கிட்டங்கி. அழுகிய கிழங்கின் வாடை சுவரிலேயே ஊறிப்போன இடம். அங்கே ஏழெட்டுப் பேர் சாக்கில் மணலைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்துவோம். சொல்லித் தந்தவர் பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டுவிட்டு வந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். மாஸ்டர் என்போம். என் உடம்பு தானாக நிற்கும் எடை ஐம்பத்தேழு கிலோ. அந்த எடையில் மலையிலேயே நான்தான் பெரிய ஆள் என்று ஒருவர் உறுதியாக நம்பினார். அந்த ஒருவரும் நான்தான்.

பெரும்பாறைக் காப்பித் தோட்டத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வர ஆரம்பித்தார். சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம். அவரும் ஐம்பத்தேழு கிலோ. அதிகம் பேசமாட்டார். இரண்டாவது ஞாயிறே மாஸ்டர் எங்கள் இருவரையும் மோதவிட்டார். நான் அவரைச் சுற்றிச் சுற்றி ஆடி, கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்து, நாக்கைத் துருத்தி எல்லாம் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விலா எலும்புக்குக் கீழே ஒரே ஒரு இடது கை கொடுத்தார். மத்தியானம் தின்ற அத்தனையும் தரைக்கு வந்தது. நான் மண்டியிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றுப் பருக்கையைக்கூட எண்ணியிருக்கலாம்.

அவரே ஒரு சாக்கை எடுத்துவந்து அதை மூடினார். "ஒண்ணும் யோசிக்க வேணாங்க. எனக்கும் முன்னே இப்புடித்தான் ஆச்சு" என்றார். குத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சாக்கை என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு மாதத்தில் மதுரையில் மாவட்டப் போட்டி. ஐம்பத்தேழுக்கு இரண்டே பேர்தான் பெயர் கொடுத்திருந்தோம். நானும் அவரும். மறு வாரமே நான் மாஸ்டரிடம் போய், ஐம்பத்துநாலுக்கு இறங்கப் போவதாகச் சொன்னேன்.

"எதுக்குலே?"

"ரெண்டு எடையில ஜெயிச்சவன்னு பேரு நிக்கணும் மாஸ்டர்."

"ஏலே, ரெண்டுல ஜெயிக்கணும்னா மொதல்ல ஒண்ணுல ஜெயிக்கணும்ல? எல்லாரும் ஏறிப் போயித்தான் பேரு வாங்குவாய்ங்க. நீ எறங்கிப் போறேங்குற. அந்த ஒத்தைக் குத்துக்கா?"

"சேச்சே. இது ஒரு வியூகம் மாஸ்டர்."

அவர் திரும்பிக் காறித் துப்பினார். "வியூகமாம்" என்று வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குத்துச்சண்டையில் எடை மாறுவது குற்றமில்லை. சிலருக்கு எலும்பே இன்னொரு எடைக்கானதாக இருக்கும். ஏறினாலும் இறங்கினாலும் அவர்கள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். சின்ன உடம்புக்காரன் ஏறிப் போய்ப் பெரிய உடம்புக்காரனிடம் அடி வாங்கினால், அந்த அடியையே ஊர் பத்து வருஷம் பேசும். ஆனால் யாரைத் தேடிப் போனான், யாரை விட்டு ஓடினான் என்பதைத் தராசு எழுதி வைப்பதில்லை. பார்த்தவர்கள் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஓடித்தான் இருப்பேன்.

எடையைக் குறைக்க வேர்க்க வேண்டும். கொடைக்கானலில் எங்கே வேர்க்கிறது? வெள்ளனே எழுந்து, இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் உர மூட்டையின் பிளாஸ்டிக் பையைக் கிழித்து மாட்டிக்கொண்டு பெருமாள்மலை வரைக்கும் ஓடுவேன். போய்ச் சேரும்போது மூக்குதான் ஒழுகும். கடைசியில் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சும் கொட்டகை ஒன்றைப் பிடித்தேன். அண்டாவுக்குப் பக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக்கோடு உட்கார்ந்தால், அரை மணியில் வேர்வை கால் வழியாக ரப்பர் செருப்பில் நிரம்பும். அதில் பகலெல்லாம் மண்டியில் ஏறிய பூண்டு வாடையும் இருக்கும், தைல வாடையும் இருக்கும். பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே கிடந்தது. சாப்பாடு, ஒரு வேளை கஞ்சித் தண்ணீர். வாயிலிருந்து செத்த எலியின் நாற்றம் வர ஆரம்பித்தபோது, உடம்பு வழிக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு நேரே மண்டித் தராசு. ஐம்பத்தாறு. ஐம்பத்தைந்து. மதுரைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் துல்லியமாக ஐம்பத்துநாலு. அன்று காலையிலும் அந்தக் குண்டின் ஈயத்தை நானே துணியால் துடைத்து வைத்திருந்தேன். அந்தக் குண்டையே நகர்த்தித்தான் என்னையும் நிறுத்தேன். தராசு விவசாயிகளிடம் பொய் சொல்லும். பெற்ற தகப்பனிடமா சொல்லும்? இப்படிக்கூட யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. யோசித்திருந்தால் முட்டாள் என்ற பட்டமாவது தப்பியிருக்கும்.

மதுரைத் தராசில் ஐம்பத்தைந்தரைக்குக் கொஞ்சம் குறைவு.

எடை பார்த்த அதிகாரி ஒரு மணி நேரம் தந்தார். பேதி மாத்திரை மூன்றை விழுங்கிவிட்டு வெயிலில் ஓடினேன். மலையில் ஓடி ஓடிக் கெஞ்சியும் வராத வேர்வை அங்கே சும்மாவே ஊற்றியது. புளியை வாயில் அடக்கி, ஒரு பால்பவுடர் டின்னில் எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தேன். டின்னில் கால்வாசி நிறைந்ததை ஒவ்வொரு தரமும் எட்டிப் பார்த்துக்கொண்டேன். கக்கூஸ் வாசலில் நின்று மாஸ்டர், "வெரசா வாலே, போட்டியே முடிஞ்சிரப் போகுது" என்று கத்தினார். அதற்குப் பிறகும் தராசு கொஞ்சம் தூக்கிக் காட்டியது. எதிரிலிருந்த சலூனில் புகுந்து மொட்டை அடித்துக்கொண்டேன். அப்போது என் தலைமுடி பிடரி வரைக்கும் தொங்கும். அது ஒரு கிலோ இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"பழனியா தம்பி?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க, வேண்டுதல்" என்றேன். முருகனையும் விடவில்லை.

துண்டைக்கூட அவிழ்த்துவிட்டு நின்றேன். கம்பி தள்ளாடித் தள்ளாடி ஐம்பத்துநாலில் நின்றது. பக்கத்து வரிசையில் பெரும்பாறைக்காரர் நின்றிருந்தார். என் மொட்டையையும் கையிலிருந்த எச்சில் டின்னையும் பார்த்தார்.

"நீங்க அம்பத்தேழு இல்லீங்களா?"

"இல்லைங்க. கொஞ்சம் எளைச்சிட்டேன்."

அவர் திரும்பி, தன் வரிசையில் ஒரு அடி முன்னே நகர்ந்தார்.

என் எடையிலும் இருவர்தான். எனக்கு எதிராக வந்தவர் மதுரையில் பூக்கட்டுகிறவர். ஐம்பத்தொரு கிலோ ஆள். தன் எடையில் மோத யாரும் இல்லை என்று, வாழைப்பழமும் தண்ணீருமாக வயிற்றை நிரப்பி ஏறி வந்திருந்தார். அதாவது அவர் சண்டையைத் தேடி ஏறியவர், நான் சண்டைக்குப் பயந்து இறங்கியவன். நடுவில் சந்தித்துக்கொண்டோம். மூன்று ரவுண்டும் அவர் குத்தினார், நான் அவர்மேல் சாய்ந்தேன். குத்துவதற்குக் கையில் பலமில்லை. ஆனால் சாய்வதற்கு என் எலும்புகள் போதுமானவை. அவர் முட்டி மடங்கும். நான் இன்னும் அழுத்துவேன். மூட்டை போல. அவர் முட்டி இரண்டு தடவை தரையைத் தொட்டதை விழுந்ததாகக் கணக்கு வைத்து, கடைசியில் என் கையைத் தூக்கினார்கள். கூட்டம் அவருக்கு விசில் அடித்தது. கை குலுக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கிட்ட வந்தாலே ஒமட்டுது" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த உண்மையான தீர்ப்பு அதுதான்.

அடுத்து ஐம்பத்தேழு. பெரும்பாறைக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் வந்து நின்றார். எதிர் மூலை காலி. அதில் நிற்க வேண்டிய ஆள் முதல் வரிசையில், மொட்டைத் தலையில் ஈரத் துண்டோடு, மூன்றாவது செட் இட்லியைத் தின்றுகொண்டிருந்தான். நடுவர் அவர் கையைத் தூக்கிவிட்டார். ஒரு குத்துக்கூட விடாமல் அவர் சாம்பியன். அவர் சிரிக்கவில்லை. கையுறைக் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டே ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் குனிந்து சட்னியைத் துழாவினேன்.

திரும்பும்போது அவரும் நானும் ஒரே பஸ். மலைவளைவுகளில் அத்தனை இட்லியும் ஜன்னல் வழியாகப் போயிற்று. வெளியே விழுந்துவிடாமல் யாரோ என் சட்டையைப் பின்னால் பிடித்திருந்தார்கள். திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் கிட்டங்கிக்கு வரவில்லை. பூக்கட்டுகிறவரைப் பற்றி மதுரையில் வெகுநாள் பேசினார்களாம், "அம்பத்தொண்ணுலேர்ந்து ஏறி வந்து நின்னான்ல, அவன்" என்று. தோற்றது யாருக்கும் ஞாபகமில்லை. ஜெயித்த எனக்கு நாயுடுபுரத்தில் கிடைத்த பெயர் "மொட்டைச் சாம்பியன்". முடி திரும்ப முளைத்த பிறகும் அது போகவில்லை. மதுரையில் பரிசாகத் தந்த கோப்பையில் என் மனைவி சோடா உப்பு போட்டு வைத்திருக்கிறாள். ஈயத் துண்டையும் நான் எடுத்துவிடவில்லை. அந்த மண்டியை விட்டு நான் போகும்வரை அது அங்கேயேதான் இருந்தது. திருந்திய கதை என்று யாராவது நினைத்துவிடக் கூடாதே என்று இதையும் சொல்லி வைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் பெருமாள்மலை ஜங்ஷனில் அவரைப் பார்த்தேன். லாரியில் ஆரஞ்சுக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. விடாப்பிடியாக டீக்கடைக்கு இழுத்துப் போனேன். என் மொட்டையை வைத்து நானே நாலு ஜோக் அடித்தேன். மரியாதைக்குச் சிரித்தார். டீ பாதியானபோது, ஆறேழு வருஷமாக விலாவுக்குக் கீழே கிடந்ததை வெளியே எடுத்தேன்.

"அண்ணே, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். அன்னைக்கு மதுரையில நான் அம்பத்தேழுலயே நின்னிருந்தா, யாரு ஜெயிச்சிருப்பா?"

அவர் தம்ளரிலிருந்த கசடை ரோட்டில் வீசிவிட்டு எழுந்தார்.

"வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்."