மாலையோடு வந்த கம்பெனிக்காரர்

ஜெயங்கொண்டம் பக்கம் எங்கள் ஊர். மாட்டு மருந்துக் கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர் மாதம் தவறாமல் வருவார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் கொடுத்த குடற்புழு மருந்தை ஊற்றிய அன்றே எங்கள் கறவை மாடு நுரை தள்ளிச் செத்துப்போனது.

போன் செய்ததும் பைக்கில் வந்துவிட்டார், கையில் ரோஜா மாலையோடு. "வூட்டு லட்சுமிய இப்படிப் போட்டு வைக்கக் கூடாதுக்கா. வெயில் ஏறுறதுக்குள்ள அடக்கம் பண்ணிடுவோம்" என்று அவரே ஜேசிபி வரவழைத்துக் குழி வெட்டினார். என்னோடு சேர்ந்து அழவும் செய்தார். கூடப்பிறந்தவன்கூட இப்படி நிற்க மாட்டான் என்று நெகிழ்ந்துபோனேன்.

அதே மருந்தால் பக்கத்து ஊரிலும் மாடுகள் செத்தது பிறகுதான் தெரிந்தது. அரியலூர் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். கம்பெனிக்காகச் சாட்சி சொல்ல வந்த கால்நடை நிபுணர், "போஸ்ட்மார்ட்டமே பண்ணாம, மருந்தாலதான் செத்துச்சுன்னு எப்படிங்க சொல்ல முடியும்?" என்றார். நிபுணரின் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றவர், என்னை அக்கா என்று கூப்பிட்ட அதே ஆள். என் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வழக்கு தள்ளுபடியானது.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் மருந்து குடித்த மாடு செத்தால், குழிக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறேன். "கவர்மெண்டு டாக்டர் வந்து அறுத்துப் பாக்குற வரைக்கும் ஒரு கூடை மண்ணு விழக் கூடாது" என்கிறேன். கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மாலையோடு வருகிறவரைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறேன்.