நாற்பத்தேழாம் இலக்க அட்டை

தபாலட்டையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை மட்டை. முன்பக்கத்தில் தடித்த கறுப்பு மையில் 47 என்று எழுதியிருக்கிறது. ஒரு மூலை மழையில் நனைந்து, உப்பி, அப்படியே காய்ந்துவிட்டது. அத்தானின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமை, ஓக்லண்டின் கிளென் ஈடன் வீட்டில் அவருடைய அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, அக்காவின் மகன் ஒரு பிஸ்கட் பேணியைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே இதைப் போலப் பதினான்கு அட்டைகள், றப்பர் பட்டி போட்டுக் கட்டியபடி இருந்தன. இதுதான் மேலே கிடந்தது. “வட் ஆர் தீஸ், சித்தி?” என்றான். ஏலத்தில் விலை கேட்கும்போது தூக்கிப் பிடிக்கிற அட்டை என்று சொல்லியிருந்தால் அவன் தலையாட்டிவிட்டுப் போயிருப்பான். நான் பேணியை வாங்கிக் கட்டிலில் வைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் நியூசிலாந்துக்கு, ஓக்லண்டுக்கு வந்து இறங்கியபோது அக்காவும் அத்தானும் மவுண்ட் ரோஸ்கிலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். நகரத்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயம் தரம்பிரித்து மூட்டை கட்டுகிற இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்காக ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினேன். இலங்கையில் மன்னார் அரசாங்கக் கச்சேரியில் பதினெட்டு வருடம் கிளாக்கராக இருந்த அத்தான், இங்கே ஒரு பெயின்ற் தொழிற்சாலையின் களஞ்சிய அறையில் தகரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சிலும் ஆறங்குல அடிமட்டமும் இருக்கும். அடிமட்டம் வைக்காமல் கோடு போட அவருக்கு மனம் வராது. கடைக்குப் போகிற துண்டில்கூட “பருப்பு” என்பதற்குக் கீழே நேராக ஒரு கோடு இருக்கும். அதைப் பார்த்து நான் சிரிப்பேன்.

கார் ஓட்ட லைசன்ஸ் இல்லாத அந்த மனிதரிடம் துவக்கு லைசன்ஸ் இருந்தது. நான் வர முந்தியே எடுத்துவிட்டார். அதற்காகப் பொலிசிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, இவர் கோபக்காரரா, குடிப்பாரா என்று அக்காவைத் தனியே இருத்தி விசாரித்தாராம். “கோபமோ? சோத்திலை உப்பில்லாட்டிலும் வாய் திறக்காத மனிசன்” என்று அக்கா சொல்ல, தமிழ் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிஜிக்காரப் பெண் அதை ஆங்கிலத்தில் சொன்னாளாம். முயல் சுடப்போகிறார் போல என்று அக்கா நினைத்திருந்தாள். அவர் ஓர் ஈயைக்கூட அடித்ததை நான் கண்டதில்லை.

சனிக்கிழமைகளில் என் வேலை அவரை ஏலத்துக்கு ஏற்றிக்கொண்டு போவது. பழைய மண்டபம். பழைய மணிக்கூடுகள், மீன்பிடித் தூண்டில்கள், மான்தலைகள், அவற்றுக்கு நடுவே வரிசையாகத் துவக்குகள். பெரும்பாலும் இறந்துபோனவர்களின் வீடுகளிலிருந்து வந்தவை. மற்றவர்கள் ஒரு விரலை அசைப்பார்கள், புருவத்தைத் தூக்குவார்கள், யார் கேட்கிறார்கள் என்றே தெரியாது. அத்தானுக்கு அந்தச் சூது வராது. இரட்டைக்குழல் துவக்கு ஒன்று மேசைக்கு வந்ததும் அட்டையைத் தலைக்கு மேலே தூக்குவார். மாதா கோயில் சுற்றுப்பிரகாரத்தில் மெழுகுதிரி பிடித்தவர் மாதிரி, முடியும்வரை இறக்கமாட்டார். வியாபாரிகள் ஒரு மாதத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டார்கள். வேண்டுமென்றே விலையை ஏற்றிவிட்டு, மெல்லக் கழன்றுகொள்வார்கள். ஒருமுறை எதிரே கேட்க ஒருவருமில்லாமல், தான் கேட்ட விலைக்கு மேலே தானே கேட்டார். ஏலம் போடுகிறவரே வெட்கப்பட்டு, “ஐயா, உங்களுக்கு எதிராக யாருமில்லை” என்று சொல்ல வேண்டியதாயிற்று. மண்டபம் சிரித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மூன்று கிழமைச் சம்பளம் ஒரு துருப்பிடித்த துவக்குக்குப் போகும். சரி, ஆசைக்கு வாங்கிச் சேர்க்கிறார் என்றால் அதுவும் இல்லை. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு என் காரில் பொலிஸ் நிலையத்துக்குப் போவார். இதை உடைத்து அழித்துவிடுங்கள் என்று கொடுத்துவிட்டு வருவார். ஒருமுறை அங்கிருந்த இளம் அதிகாரி, இது நல்ல துவக்கு, விற்கலாமே என்று சொன்னதற்கு, “ப்ளீஸ் கட்” என்று மட்டும் சொன்னார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து வந்தவரின் களை இருந்தது. எனக்கு விசர் வந்தது. சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று அக்கா அப்போது ஒரு முட்டையை இரண்டாகப் பிளந்து கறி வைத்துக்கொண்டிருந்தாள். துவக்கெல்லாம் எங்கே என்று அவள் கேட்டால், கூட வேலை செய்கிறவர் வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறது என்று நான்தான் பொய் சொன்னேன்.

காரணத்தை அவர் என்னிடம் சொன்னது கடைசி ஏலத்தன்று. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னைப் போல அவரை விசரன் என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கச்சேரியில் அவருடைய மேசைக்கு உரியது துவக்கு அனுமதிப்பத்திரப் பதிவேடு. வயல்காரர்கள் பன்றிக்காவலுக்கு வைத்திருந்த துவக்குகள் அவை. எண்பதுகளில் ஒரு நாள் மூன்று பொடியள் வந்து முன்னால் இருந்தார்கள். எந்த இயக்கம் என்பதை எழுதப்போவதில்லை, அப்போது பல இருந்தன. அதட்டவில்லை, ஆயுதம் காட்டவில்லை. “அண்ணை, இந்தப் பதிவிலை ஒரு கொப்பி எழுதித் தாங்கோ” என்று மரியாதையாகக் கேட்டார்கள். அத்தான் பயந்துதான் எழுதினார். ஆனால் பயந்தவன் கிறுக்கிக் கொடுத்திருக்கலாம், நாலு பெயரை விட்டிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, தன் ஊர்ப்பக்கத்துப் பதினான்கு பேரையும் வரிசையாக எழுதினார். அதற்கும் மேலே, யாரும் கேட்காமலே, கடைசி நிரலில் வீடு கண்டுபிடிக்கிற அடையாளமும் எழுதினார். ‘கோயிலுக்குப் பின் ஒழுங்கை, இடப்பக்கம், பச்சைக் கேற்.’ “அரைகுறையாய் எழுதிக் குடுக்க எனக்குத் தெரியாது பிள்ளை, அதுதான் நான் செய்த பிழை” என்றார் என்னிடம்.

பச்சைக் கேற் வீடு மாதா கோயில் மூப்பருடையது. அத்தானோடு ஒன்றாகப் படித்தவர். பொடியள் தேடிப் போனதும் மற்றப் பதின்மூன்று பேரும் துவக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மூப்பர் மட்டும், துவக்கை எப்போதோ விற்றுவிட்டேன் என்றாராம். அவர்கள் தாளை விரித்துக் காட்டினார்கள். அதன் பிறகு அவர் பொய் சொல்லவில்லை. “அது அப்பு வச்சிருந்தது. தரமாட்டன்” என்றார், தன் தகப்பனைச் சொல்லி. துவக்கையும் அவரையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் வாய்க்கால் மதகடியில் உடல் கிடந்தது. செத்தவீட்டில் மூப்பரின் மனைவி அத்தானைப் பார்த்து அழவுமில்லை, ஏசவுமில்லை. “உங்கட கையெழுத்தைக் கண்டாப் பிறகுதான் அவர் சோர்ந்துபோனவர்” என்று மட்டும் சொன்னாராம்.

அந்தப் பதினான்கு துவக்குகளும் பிறகு யார் யாரைச் சுட்டன என்று யாருக்குத் தெரியும்? அத்தானுக்கு அதுதான் நோய். உலகத்தில் வேறெங்காவது பதினான்கு துவக்குகளை எடுத்து இல்லாமல் செய்தால், எழுதிய பெயரை ஒவ்வொன்றாக வெட்டலாம் என்று அந்தக் கிளாக்கர் மூளை கணக்குப் போட்டிருக்கிறது. விலை ஏற ஏற அவர் கையை இறக்காததற்கும் அதுதான் காரணம். மலிவாகக் கிடைத்தால் பாவம் கழியாது என்று நினைத்திருந்தார். மூன்று வருடத்தில் பதின்மூன்று பெயர் முடிந்தது. மூப்பரை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார்.

கடைசி ஏலத்தன்று விடாத மழை. மேசைக்கு வந்த துவக்கு பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல், மரப்பிடி கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. அத்தான் அதைக் கண்டதும், “இது மூப்பரின்ரை மாதிரியே கிடக்கு” என்று தனக்குள் சொன்னது என் காதில் விழுந்தது. மூப்பர் யாரென்று எனக்கு அப்போது தெரியாது. நாற்பத்தேழாம் அட்டை மேலே போனது. அன்று வியாபாரிகள் சீக்கிரம் ஒதுங்கிவிட, பின்வரிசையில் ஒருவர் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். நகத்துக்குள் செம்மண், சிவந்த கழுத்து. எங்கள் இடத்துக்கு வெங்காயம் கொண்டுவருகிற தோட்டக்காரர்களில் ஒருவர். முதலில் சாதாரணமாகக் கேட்டார், பிறகு ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் யோசித்துக் கேட்டார். ஒரு கட்டத்தில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டார். சுத்தியல் விழுந்தது.

வெளியே காரின் பின்பெட்டியைத் திறந்து துவக்கை வைக்கும்போது அந்தத் தோட்டக்காரர் மழைக்குள் நனைந்துகொண்டு வந்தார். என்னை அடையாளம் கண்டு தலையசைத்துவிட்டு அத்தானிடம் பேசினார். தகப்பன் இறந்துவிட்டாராம். சகோதரர்கள் தன்னிடம் கேட்காமலே சாமான்களை ஏலத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். நீங்கள் கொடுத்த விலையை நான் தருகிறேன், கொஞ்சம் நாள் தாருங்கள் என்றார். கடைசியில், “இற் வோஸ் மை டாட்ஸ், மேற்” என்றார். அத்தான் வெளிறிப்போனார். “ஸொறி” என்று சொல்லிவிட்டுப் பின்பெட்டியை அடித்துச் சாத்தினார்.

நான் காரை எடுத்த உடனேயே வெடித்தேன். “தகப்பன்ரை சாமானைக் கேட்டு வந்த மனிசனுக்கு முகத்திலை அடிச்ச மாதிரிச் சொல்லிப்போட்டியள். உங்களுக்கு என்ன பேயோ அத்தான்? கொண்டுபோய் உடைக்கத்தானே போறியள்!” மூன்று வருடம் அடக்கிவைத்த அவ்வளவும் வந்தது, அக்காவின் பாதி முட்டை உட்பட. அவர் மடியில் அந்த அட்டையை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “பிள்ளை, ஒருக்கால் ஓரமாய் நிப்பாட்டு” என்றார். கண்ணாடியில் மழை வழிய, எஞ்சினை நிறுத்தாமல், மேலே எழுதியது அவ்வளவையும் அவரிடமிருந்து கேட்டேன். சொல்லி முடித்துவிட்டு, “அவனும் இதைத்தான் சொன்னவன். அப்பு வச்சிருந்தது எண்டு” என்று வாய்விட்டு அழுதார். அத்தான் அழுததை அன்றுதான் பார்த்தேன், அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

“இப்ப என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டேன். எனக்கும் லேசான கேள்வி இல்லை அது. அந்தத் துவக்கை உடைத்தால் பட்டியல் முடியும், மனிசன் ஒரு இரவாவது நிம்மதியாகக் கண்மூடுவார். அதற்காகத்தான் மூன்று வருடம். கொடுத்தாலோ, அவர் கையாலேயே மறுபடியும் ஒரு துவக்கு இன்னொருவர் கைக்குப் போகும். வைப்பர் நாலைந்து தடவை போய் வந்தது. “அந்தாளின்ரை தோட்டம் உனக்குத் தெரியுமே?” என்றார். ஓம் என்று காரைத் தெற்கே திருப்பினேன்.

தோட்டக்காரர் கொட்டிலுக்குள் நின்றார். அத்தான் சாக்கைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டினார். கையை விட முன், தோட்டக்காரரின் லைசன்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கிளாக்கர் புத்தி எங்கே போகும்! பிறகு, இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று என்னைக் கேட்கச் சொன்னார். சுவரில் மாட்டி வைப்பேன் என்று அந்த மனிதர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் யோசித்துவிட்டு, அப்பா முயல் சுட்டார், நானும் முயல் சுடுவேன் என்றார். நான் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். விலையைப் பற்றித் தோட்டக்காரர் பேச வந்தபோது அத்தான் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அந்த மனிதர் கேட்கவில்லை, ஒரு மூட்டை பெரிய வெங்காயத்தைத் தூக்கிக் காருக்குள் வைத்தார். வீட்டில் அக்கா மூட்டையைப் பார்த்துவிட்டு, “இதென்ன, துவக்குக் கடை மூடி வெங்காயக் கடையோ?” என்றாள். அத்தான் உடுப்பு மாற்றப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் ஏலத்துக்குப் போகவில்லை. நாலு வருடத்தில் இந்தக் கிளென் ஈடன் வீட்டை வாங்கினார்கள்.

பேணியில் இருந்த அட்டைகளைக் கட்டிலில் பரப்பினேன். ஏலம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டிய அட்டைகள், இவர் மறதியில் கொண்டுவருகிறார் என்றே அந்த நாட்களில் நினைத்திருந்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பெயர், தகப்பன் பெயர், ஊர். பெயரை வெட்டி, அடிமட்டம் வைத்து இழுத்த ஒரு கோடு. பதின்மூன்று அட்டைகளும் அப்படித்தான். அந்தப் பெயர்களை இங்கே எழுதமாட்டேன். பிள்ளைகள் எங்கெங்கோ இருப்பார்கள், ஒரு தரம் எழுதியதே போதும்.

நாற்பத்தேழில் மூப்பரின் பெயர் இருந்தது. அதன் மேலே கோடு இல்லை. “வட் டஸ் திஸ் வன் சே?” என்று பெறாமகன் எட்டிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது. குசினிக்குள் அக்கா தேத்தண்ணீர் ஆற்றுகிற சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்து அவனுக்கு வாசித்துக் காட்டினேன். பெயருக்குக் கீழே, கச்சேரிக் கடிதங்களில் எழுதுகிறது போலவே, ‘உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பம் வைத்திருந்தார். ஓர் எழுத்துக்கூடச் சரியவில்லை. மூப்பர் தன் பச்சைக் கேற் வாசலில் நின்று பார்த்த அதே கையெழுத்து.