வித்தவுட் என்று எழுதிய இரண்டு மாதம்

கடந்த திங்கட்கிழமை, வல்லம் வடகாலில் எங்கள் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் என் டைரி கையும் களவுமாகப் பிடிபட்டது.

இரண்டு மாதமாக எனக்கு வயிற்று உப்புசம். வேலையோ கடைசி செக்கிங். நான் எழுந்து போனால் லைனே காத்திருக்கும். "இப்டி அடிக்கடி எழுந்துக்கினா கஷ்டம் மேடம். ஸ்டோருக்கு மாத்திடட்டுமா?" என்று சூப்பர்வைசர் கேட்டுவிட்டார். பதினான்கு வருடம் உட்கார்ந்த இடம்... விடுவேனா?

சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் நேரத்தோடு டைரியில் எழுதி டாக்டரிடம் காட்டினேன். பொறுமையாகப் புரட்டினார். "சந்தேகப்படற மாதிரி ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார்.

திங்களன்று வழக்கம்போல டீக்கடை எல்லம்மாவிடம் "ஒரு வித்தவுட்" என்றேன். சர்க்கரை போடாத டீக்கு அதுதானே பெயர்? டம்ளர் வந்ததும், பையிலிருந்து சுகர் ஃப்ரீ மாத்திரை இரண்டை உள்ளே போட்டேன்.

"வித்தவுட்டுன்னு வாங்கிக்கினு இன்னாத்தப் போடற மேடம்? டெய்லி பாத்துக்கினுதான் கீறேன்."

"இது சர்க்கரை இல்ல எல்லம்மா."

"சர்க்கரை இல்ல, சரி. இனிக்குதுல்ல? அப்பால இன்னா வித்தவுட்டு?"

டைரியைப் பிரித்தேன். காலை, பதினொன்று, நான்கு மணி — எல்லா இடத்திலும் 'டீ, வித்தவுட்'. நாளுக்கு ஆறு மாத்திரை, ஒன்றுகூட ஏறவில்லை. பார்ட்ஸில் ஒரு கீறலை விடாதவள் நான். 'இல்லை' என்று பெயர் வைத்துவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று யார்தான் பார்க்கிறோம்?

அன்று மாலையே டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"செயற்கை இனிப்பு சிலருக்குக் குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியாவையே மாத்திடலாம்னு சொல்றாங்க. எல்லாருக்கும்னு இல்ல, ஆராய்ச்சி இன்னும் போயிட்டிருக்கு. நிறுத்திப் பாருங்க. அதுக்காக சர்க்கரைக்குத் திரும்பிடாதீங்க, உங்களுக்கு பார்டர்ல இருக்கு."

லைனில் ரிஜெக்‌ஷன் கூடினால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றிப் பார்ப்போம். வயிற்றுக்கும் அதே விதி. சாப்பாடு, தூக்கம், ஷிஃப்ட் எதையும் தொடவில்லை. மாத்திரை மட்டும் கட்.

இன்று ஆறாவது நாள். நேற்றும் முந்தாநாளும் சீட்டை விட்டு எழவில்லை. மாத்திரைதான் காரணமா? இத்தனை சீக்கிரம் அடித்துச் சொல்ல மாட்டேன். ஸ்டோருக்குப் போவதில்லை என்பதைத்தான் சூப்பர்வைசரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

நாக்கு மட்டும் இன்னும் சண்டை போடுகிறது. போடட்டும்... அதற்கு ஒரு ஓட்டு. குடலுக்குள் இருப்பவர்களோ கோடானுகோடி.