முகமூடிக்குள் இரண்டு மில்லி

நோயாளியின் முகத்தை மேஜையோடு சேர்த்துப் பூட்டி, "பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு நாம் மட்டும் அறையை விட்டு ஓடிவருகிற வேலைக்குப் பெயர் ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட். "எக்ஸ்ரே எடுக்கிறவங்களா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு நொந்துபோன சக தொழிலாளிகளே, இது உங்களுக்காகத்தான்.

எலுமிச்சம்பழம்

தொண்ணூறுகளில் நான் வேலூரில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தது கோபால்ட் மெஷின். மூக்கையொட்டிய சைனஸ் குழிக்குள் புற்றுநோய் வந்தால், கதிர் அங்கே மட்டும் நிற்காது, பக்கத்துக் கண்ணையும் ஒரு கை பார்த்துவிடும். "உயிர் முக்கியம், கண் போகலாம்" என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புது மெஷின் வந்தது. முதலில் ஐ.எம்.ஆர்.டி., அதாவது கட்டியின் வடிவத்துக்கு ஏற்றபடி கதிரைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பது. கடைசிச் சில நாட்களில், மிச்சமிருக்கும் இடத்தை மட்டும் குறிவைக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் கண்ணைக் காப்பாற்றலாம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. திறப்பு நாளில் போதகர் ஜெபித்தார், வாட்ச்மேன் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார். கதிருக்குக் கணக்குப் போடும் பிசிசிஸ்ட் ஜான்சன் சார், யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பழத்தை இன்னும் இறுக்கிக் கட்டினார். நான் பார்த்துவிட்டதைக் கண்டு அவரே சொன்னார்:

"ஒத்தாசை எந்தப் பக்கமா வந்தா இன்னா, விடும்மா."

பூட்டு

புது முறையில் எங்கள் முதல் ஆள் ஆம்பூர் தனகோட்டி. தோல் ஷெட்டில், தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் பஃபிங் மெஷின் தூசியில் பல வருஷம் நின்றவர், பிறகு தரம் பிரிப்பவர். தோலை வெளிச்சத்தில் சாய்த்து உண்ணி கடித்த வடு, முள் கிழித்த கோடு எல்லாம் பார்த்து அடுக்கும் வேலை. ஆபரேஷனுக்குப் பிறகும் வலது கண்ணுக்குக் கீழே கட்டி மிச்சமிருந்தது. "கண்ணு போச்சுன்னா ஷெட்டுல எனக்கு இன்னா வேல சிஸ்டர்?" என்று கேட்டார்.

வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் இழுத்து அழுத்தினேன். சில நிமிஷத்தில் அது அவர் முகமாகவே இறுகியது. தலை அசையாதபடி அதை மேஜையில் பூட்டிவிட்டு வெளியே வந்தால், அவர் மனைவி பூங்காவனம், உள்ளே படுத்திருப்பவரைக் காட்டும் டிவியில் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருவது வருஷமா எங்கிட்ட இப்டி ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்ல சிஸ்டர், இந்த மனுஷன்."

தோல் துண்டு

நாலாவது வாரம், "வலை லூசா இருக்குது" என்றார். செய்தவள் நானாயிற்றே, கேட்பேனா? லேசர் கோடு வலையில் போட்ட குறிமேல் சரியாக விழுந்திருந்தது. "பழகிப்போச்சு, அதான்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சட்டைப்பையிலிருந்து மூன்று தோல் துண்டுகளை எடுத்தார். அரை மில்லிமீட்டர் கனம், ஒரு மில்லி, இரண்டு மில்லி. பூட்டிய பிறகு கன்னத்துக்கும் வலைக்கும் நடுவே ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு மில்லித் துண்டு தடையில்லாமல் உள்ளே போனது. வாய்ப்புண்ணில் சாப்பாடு இறங்காமல் கன்னம் வற்றியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கட்டிக்கும் கண் நரம்புக்கும் நடுவே நாங்கள் விட்டிருந்த இடமே சில மில்லிதான். பூட்டைத் திறந்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். டாக்டர் அன்றைய சிகிச்சையை நிறுத்தினார். புது வலை, புது ஸ்கேன், ஜான்சன் சாரின் புதுக் கணக்கு என்று எல்லாம் முதலிலிருந்து நடந்தது. அதற்குப் பிறகுதான் ஸ்டீரியோடாக்டிக். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ஷூவுல ஒரு மில்லி ஜாஸ்தின்னாலே சரக்கத் திருப்பி அனுப்பிடுவான். இது என் மூஞ்சி சிஸ்டர்."

கைப்பை

எட்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார். ஸ்கேனில் கட்டியைக் காணோம். ஜான்சன் சார் படத்தை என்னிடம் மூன்று முறை காட்டிவிட்டார். நான் தனகோட்டியிடம் கேட்க நினைத்தது கண்ணைப் பற்றி, கேட்டது சாப்பாட்டைப் பற்றி.

அவருக்கே புரிந்துவிட்டது. இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, நாற்காலியில் தொங்கிய என் கைப்பையை வலது கண்ணால் பார்த்தார். ஒரிஜினல் லெதர் என்று கடைக்காரரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, போன வாரம்தான் லாங் பஜாரில் வாங்கியது. கையால் தொடவில்லை. வெளிச்சத்துக்கு ஏற்றபடி தலையை மட்டும் சாய்த்தார்.

"இது தோலே இல்ல சிஸ்டர், ரெக்சின். யாரோ உங்கள நல்லா ஏமாத்திட்டான்."

ஏமாந்தது தெரிந்து இவ்வளவு சந்தோஷமாக அழுதவள், எங்கள் டிபார்ட்மெண்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.