நிலா அடித்த கோல்கள்

செத்துப்போனவர்கள் கோல் அடிப்பதில்லை. ஆனால் வல்லம் வடகாலை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் ஐந்து வயதில் காய்ச்சலில் இறந்துபோன நிலா என்ற குழந்தை, வளர்ந்து, மூன்று கிளப்புகளுக்கு ஆடி, அறுபத்தொரு கோல் அடித்திருப்பதாகத்தான் கிளப் பதிவேடுகள் சொல்கின்றன. அடித்தது அவளுடைய அக்கா செந்தாமரை.

2010இல் செந்தாமரைக்குப் பதினைந்து வயது. பள்ளி மைதானத்தில் அவள் காலுக்குப் பந்து போனால் நேரே வலைக்குள்தான் போகும். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தார்கள். எடுபட்டால் விளையாட்டு விடுதியில் இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கிடைக்கும். ஒரே ஒரு வயது கூடிப்போனதில் எல்லாம் கைநழுவப் பார்த்தது. அப்பா டில்லிபாபு, ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். மனசு கேட்காமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து, சின்னவள் நிலாவின் பிறப்புச் சான்றிதழை எடுத்தார். நிலா இரண்டு வயது இளையவள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஷேர் ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது. அப்படியே திரும்பி வந்து ஏரிக்கரையில் புதைத்தார்கள். ஆபீசுக்குப் போய்ச் சாவைப் பதிய வேண்டும் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றும்? ஆகவே சர்க்காரைப் பொறுத்தவரை நிலா செத்தவளில்லை.

"ஆயிரம் பொய் சொல்லி கல்யாணம் பண்றாங்கோ. நாம ஒரே ஒரு பொய் சொன்னா இன்னா இப்போ?" என்றார் டில்லிபாபு.

அம்மா கங்கா எழுந்துபோனாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். டில்லிபாபு ஒன்றும் அப்படிப்பட்ட கெட்டிக்காரர் இல்லை, ஆனாலும் அவர் புளுகு பதினைந்து வருஷம் நின்றது. பத்தாவது போக வேண்டியவள் வேறு பள்ளியில் நிலாவாக எட்டாவதில் உட்கார்ந்தாள். ஆதார் எடுக்க வந்தபோது நிலாவாகவே விரல் வைத்தாள். வீட்டில் ஒரே பெண் இருக்க, ரேஷன் கார்டில் இரண்டு பெயர் இருப்பது உறுத்தலாக இருந்ததால், செந்தாமரை கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று எழுதிக்கொடுத்து அந்தப் பெயரை எடுத்துவிட்டார் அப்பா. ஊருக்கெல்லாம் விஷயம் தெரியும். யாரும் வெளியே விடவில்லை. குழாயடியில் மட்டும் "இன்னா தாமர, வூட்டுக்காரன் சொகமா கீறானா?" என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது?

ஆட்டத்தில் அவள் குறை வைக்கவில்லை. மாநில அணி, சென்னையில் ஒரு கிளப், பிறகு ஒடிசாவில் ஒன்று, மறுபடி சென்னையில் இன்னொன்று. முதுகில் ஒன்பதாம் எண். இடது காலை வைத்துக்கொண்டு எதிரணிப் பின்வரிசையைக் கதிகலங்க அடித்தாள். ஆனால் அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கோலுக்கு அருகே, தானே அடிக்க வேண்டிய பந்தைச் சில சமயம் இடது பக்கமாகத் தள்ளிவிடுவாள். அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். பந்து தனியாக உருண்டு கோட்டைத் தாண்டிப் போகும்.

"யாருக்குப் போட்ட அந்த பாஸை?" என்று கத்துவார் கோச் ராஜசேகர்.

அவள் என்ன சொல்வாள்? பக்கத்தில் மூச்சு வாங்க யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது என்றா? மைக்கில் நிலா என்று கூப்பிடுகிற நாளில்தான் அது கேட்டது. ஆள் தெரியாது. சின்னக் கால்களின் ஓட்டம் மட்டும் கேட்கும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிட, குழந்தைக்கு ஒரு பந்தாவது கொடுக்காமல் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்கிறோமே என்ற குற்ற உணர்வு அதிகமாக இருந்தது.

கங்கா ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. "அந்தப் பேர மைக்குல கூவுவானுங்கோ. என்னால முடியாது" என்பாள். வீட்டில் மகளைத் தாமர என்றே கூப்பிட்டாள். செந்தாமரை என்ற பெயர் உலகத்தில் மிஞ்சியிருந்தது அம்மாவின் வாயிலும் அந்த ஊரிலும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் அப்பா போய்விட்டார். இந்த வருஷம் முழங்கால் போய்விட்டது. நிஜத்தில் முப்பது, காகிதத்தில் இருபத்தெட்டு. இந்த சீசனோடு போதும் என்று முடிவு செய்தவள், கூடவே இன்னொன்றையும் முடிவு செய்தாள். தன் பெயரைத் திரும்ப வாங்க வேண்டும். அதற்கு முதலில் நிலாவின் மரணத்தைப் பதிய வேண்டும். இத்தனை வருஷம் கடந்த சாவுக்கு ஆர்.டி.ஓ. உத்தரவு வேண்டும், அதற்குப் பெற்றவள் கையெழுத்து வேண்டும்.

"மாட்டிக்கினா இன்னாடி பண்ணுவ? கோலெல்லாம் இல்லன்னுடுவாங்கோ" என்றாள் கங்கா.

"எடுத்துக்கட்டும். நாளைக்கு நான் செத்தா, செத்தது நிலான்னுதான் எழுதுவாங்கோ. அப்போ நான் இன்னாதான் ஆனேன்?"

கங்கா, "கடைசி ஆட்டத்துக்கு என்னை இட்டுக்கினு போ. பாத்துட்டு வந்து கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரைக்கு ஆட்டம். தான் வேலை பார்க்கும் கம்பெனி கேன்டீனில் லீவு சொல்லிவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள் கங்கா. மைக்கில் "நம்பர் ஒன்பது, நிலா!" என்றதும் கூட்டம் விசில் அடித்தது. செந்தாமரை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கங்கா காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

அன்றைக்குப் பக்கத்தில் ஓட்டச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அறுபத்தெட்டாவது நிமிஷம் கோல் விழுந்தது. கூட்டம் முழுக்க "நிலா! நிலா!" என்று எழுந்தது. கங்காவும் எழுந்தாள். இருபத்துமூன்று வருஷமாக வாயில் வராத பெயரை, தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அம்மா தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று செந்தாமரை ஒரு கணம் சந்தோஷப்பட்டுக்கூட விட்டாள்.

ஆட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்தில், செந்தாமரை பையிலிருந்து மனுவையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். கங்கா வாங்கவில்லை.

"முடியாதுடி."

"சொன்னியேம்மா."

"சொன்னேன். அப்போ அவ அஞ்சு வயசுப் புள்ள. இப்போ இவ்ளோ ஒசரத்துக்கு வளந்து ஓடிக்கினு கீறா. என் கண்ணால பாத்தேன். செத்துட்டான்னு எப்டிடி எழுதுவேன்?"

"ஓடினது நான்மா!" என்று கத்தினாள் செந்தாமரை. நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கங்கா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "தெரியும் கண்ணு. நீ என் பக்கத்துல கீற, தொட்டுப் பாக்கறேன். நீ கீறன்னு எழுதி வேற வைக்கணுமா? அவளுக்கு அந்தக் காகிதத்த வுட்டா வேற இன்னா கீது?"

செந்தாமரை மனுவை மடித்துப் பையில் வைத்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அடுத்த மாதம் குன்றத்தூரில் ஒரு பள்ளியில் கோச் வேலை கிடைத்தது. தலைமையாசிரியை லீலா பதிவேட்டைத் திருப்பி வைத்து, பெயர் எழுதச் சொன்னார். எழுதினாள். கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. வெளியே வந்து மரத்தடியில் நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது, எழுதும்போது செந்தாமரை என்ற பெயர் அவளுக்கு ஞாபகமே வரவில்லை.