மேதாவி மொபெட்டில் வந்தார்

2003-ஆம் ஆண்டு, ஆடி மாதத்துச் சனிக்கிழமை காலை. படப்பை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தேன்.

நானும் கல்லூரி நண்பனும் வேலையை விட்டுவிட்டுச் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கியிருந்தோம். ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. அங்கே எடைமேடையில் லாரி ஏறினால், எடையைக் கம்ப்யூட்டரே வாங்கிச் சீட்டு அச்சடிக்க வேண்டும். அதுதான் எங்கள் முதல் வேலை. அன்று பிற்பகல் மேலாளர் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும். சொதப்பினால் கம்பெனியை மூடிவிட்டு மறுபடி வேலை தேடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

புரோகிராமர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் இருவரும் இருந்தோம். தொழில்நுட்பச் செய்தி எது வந்தாலும் அங்கே சண்டைதான். புனைபெயரில் எழுதும் ஒருவர், நாங்கள் எதைச் சொன்னாலும் பக்கம் பக்கமாக மறுப்பார். எங்களுக்குள் அவர் பெயர் 'மேதாவி'.

அன்று காலையும் குழுவுக்கு ஒரு மடல் போட்டிருந்தேன். தொழிற்சாலையில் சோதித்துக்கொண்டிருந்த நண்பன், அதற்கே 'ரிப்ளை' அழுத்தி எனக்கு எழுதினான். குழு மடலுக்குப் போடும் பதில் எல்லோருக்கும் போகும் என்பதை அவசரத்தில் மறந்துவிட்டான். திருநெல்வேலிக்காரன். ஆங்கில எழுத்துகளில் ஊர்த்தமிழ்:

"ஏல, மறுபடி ஹேங் ஆயிட்டு. குரூப்ல கேட்டுராத. அந்த மேதாவிக்குத் தெரிஞ்சா சிரிச்சே செத்துருவான்."

குழு முழுக்கப் படித்தது. மேதாவி யாரென்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேலி மடல்கள் குவிந்தன. எனக்குக் காது சுட்டது. கடைசியில் மேதாவியே எழுதினார்:

"சிரிச்சாச்சு. சாகல. எங்க மாட்டிக்கினு கீறீங்க?"

எந்தத் தொழிற்சாலை என்று சொன்னேன். "நான் பக்கத்துல சேரப்பணஞ்சேரிதான். கேட்டாண்ட வரேன்" என்று பதில் வந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்து நான் போய் இறங்கியபோது, தொழிற்சாலை வாசலில் ஒல்லியான ஒருவர் மொபெட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். குழுவில் முழங்குகிறவர், நேரில் வணக்கம் சொல்லிவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தான்.

"அது கெடக்கட்டும்பா. மொதல்ல ஒரு லாரிய ஏத்தச் சொல்லு."

லாரி இறங்கும் நொடியில் எடைக்கருவி எடையின் இலக்கங்களில் பாதியை மட்டும் அனுப்பிவிட்டு நின்றுவிடும். எங்கள் புரோகிராம் மீதிப் பாதிக்காகக் காத்திருந்து உறைந்துபோகும். நாங்கள் எழுதியது என்பதாலேயே எங்கள் கண்ணில் படவில்லை. அவர் சட்டென்று பிடித்துவிட்டார்.

"வராததுக்கு இன்னாத்துக்குக் காத்துக்கினு கீது? உட்டுட்டு அடுத்தத கேக்கச் சொல்லு."

அவர் சொல்ல, நண்பன் தட்டச்சு செய்ய, நான் சரிபார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் வாக்குவாதம். அவருடைய கூச்சம் போன இடம் தெரியவில்லை.

பிற்பகலில் லாரிகள் ஏறி இறங்கின. சீட்டுகள் வந்துகொண்டே இருந்தன. மேலாளர் ஒரு சீட்டை வாங்கிப் பார்த்தார். "திங்கக்கிழமைலேர்ந்து இதையே ஓட்டுங்க" என்றார். நண்பன் என்னைத் தூக்கிச் சுற்றினான். மேதாவியையும் தூக்கப் போனான். அவர் மொபெட்டுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். லாரி ஓட்டுநர்களெல்லாம் சிரித்தார்கள்.

இன்றும் இணையத்தில் முகம் தெரியாத யாராவது என்னோடு மல்லுக்கு நின்றால், கோபத்துக்கு முன்னால், இவர் எந்த ஊர்க்காரர், டீ குடிக்கக் கூப்பிட்டால் வருவாரா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.