விடுதலைக்கும் பதவிக்கும் நடுவே

போன சனிக்கிழமை அஜின்கோர்ட்டில், புலம்பெயர்ந்து வந்த எங்கள் வாசிப்பு வட்டத்தின் கூட்டம். பேச்சு முடிந்ததும் மண்டபமே கைதட்டியது. தட்டாமல் இருந்த ஒரே ஆள் நான்தான். பார்த்தவர்கள் கோபிக்க வேண்டாம். காரணம் இருக்கிறது... சின்னக் காரணம்தான்.

பொறாமை.

பேச்சின் பொருள் ஒரு தென் அமெரிக்க ஜனாதிபதி. பெயரைச் சொல்ல மாட்டேன் – சொன்னால் நீங்களும் அவரில் பங்கு கேட்பீர்கள். இளம் வயதில் ஆயுதம் தூக்கியவர். பத்து வருடத்துக்கு மேல் சிறை, அதிலும் நீண்ட காலம் தனிமையில். வெளியே வந்து, தேர்தலில் நின்று, நாட்டின் ஜனாதிபதியானார். அப்போதும் மாளிகைக்குப் போகவில்லை. மனைவியோடு சின்னத் தோட்ட வீடு, பழைய கார். பதவித் தவணை முடிந்த பிறகும் அதே தோட்டம்தான்.

இந்த மனிதரை நான் இரண்டு குளிர்காலமாக வாசிக்கிறேன். எந்த வருடம் பிடிபட்டார், எந்த மாதம் தப்பினார், எப்போது பாராளுமன்றம் போனார் – கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு கதை.

பேசக் கூப்பிட்டது யாரை? விட்பியிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகும்போது பொட்காஸ்ட் கேட்கும் தேவனை.

அமைப்பாளர் செல்வாவுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, நீங்கள் பேசினா நல்லாத்தான் இருக்கும்," என்றார். "ஆனா போன முறை ஆளின்ர பிறந்த வருஷத்தில துவங்கினீங்கள். அவர் பள்ளிக்கூடம் போக முதலே எங்கட தேத்தண்ணி ஆறிப்போச்சு."

தேவன் நன்றாகவே பேசினார். அதுதான் பிரச்சினை. பழைய காரைப் பற்றிச் சொன்னபோது சனம் சிரித்தது. சிறையைப் பற்றிச் சொன்னபோது ஒருவர்கூட இருமவில்லை. நான் பேசும்போது மட்டும் எல்லோருக்கும் எங்கிருந்துதான் இருமல் வருகிறதோ...

"முகத்தை நேரா வையுங்கோ, சனம் பாக்குது," என்று பக்கத்திலிருந்த மனைவி முழங்கையால் இடித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான், "பத்து வருஷம் ஜனாதிபதியா இருந்து..." என்றார் தேவன்.

பத்தா? ஒரே தவணை. ஐந்து வருடம். அந்த நாட்டில் அடுத்தடுத்து இரண்டு தவணை இருக்கச் சட்டமே விடாது. எனக்கு உள்ளெல்லாம் குளிர்ந்தது. பொறாமைக்குக் காது கூர்மை – பிழை மட்டும்தான் கேட்கும். கையை உயர்த்தினேன்.

"கேள்வியெல்லாம் கடைசியில, அண்ணை," என்றார் செல்வா.

கடைசியும் வந்தது. நான் எழும்புவதற்குள் பின்வரிசையில் றீற்றா எழும்பிவிட்டார். மன்னாரைச் சேர்ந்தவர், இப்போது அஜக்ஸில் வீடு. ஊரில் பல வருடம் சிறையில் இருந்த அவருடைய தம்பி, விடுதலையாகி இங்கே வந்து மூன்று வருடம். அக்கா வீட்டு பேஸ்மென்ட்டை விட்டு அவர் வெளியே வருவதே அபூர்வம். யாரோடும் பேச்சில்லை. எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் விசாரிப்பதில்லை.

"தம்பி தேவன், சிறையால வந்த உடன அந்த மனுசன் என்ன செய்தவர்?"

"அது... பொட்காஸ்டில வரேல்லை அக்கா."

"சரி, வெளியில வந்து எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஜனாதிபதியா வந்தவர்?"

தேவன் நேரே என்னைக் காட்டி, "உது அண்ணைக்குத்தான் தெரியும். அவரைக் கேளுங்கோ" என்றார்.

ஒருவர் மேல் மனமாரப் பொறாமைப்படும்போது அவர் பெருந்தன்மையாகவும் நடந்துகொண்டால்... என்னதான் செய்வது?

"கால் நூற்றாண்டு, றீற்றா," என்றேன்.

"இருபத்தைஞ்சு வருஷமோ?"

"ஓம். பாராளுமன்றத்துக்குப் போகவே பத்து வருஷத்துக்குக் கிட்டச் செண்டது."

"அதுவரைக்கும்?"

"கட்சி வேலை செய்தவர். தோட்டத்தில பூ வளர்த்தவர்." இரண்டு குளிர்காலம் வாசித்தும், அந்தப் பத்து வருடத்துக்கு என்னிடம் இருந்தது அவ்வளவுதான். "நான் வாசிச்சதில வேற ஒண்டும் பெரிசா இல்லை."

றீற்றா என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு நேரமும் உந்த மனுசனில எனக்கு ஒரே எரிச்சல், அண்ணை. அவர் சிறையால வந்து நாடாண்டவராம். என்ர தம்பி படியேறி மேல வாறானில்லை. திங்கட்கிழமை வெயர்ஹவுஸ் வேலைக்குப் போகாட்டி வீட்டில இருக்கேலாது எண்டு காலமைதான் அவனோட சண்டை பிடிச்சிட்டு வந்தனான்."

கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவன் வந்து மூண்டு வருஷம்தானே. திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டாமெண்டு சொல்லப்போறன். வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் மண் கிடக்கு. விருப்பமெண்டா எதையாவது நடட்டும்."

என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். தேத்தண்ணிக்கும் நிற்காமல் போய்விட்டார்.

ஐந்து வருடமா, பத்து வருடமா என்று திருத்த எனக்கு மறந்தே போனது. செல்வா தேவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். மறுபடியும் கைதட்டல்.

போர்த்தட்டும்... றீற்றாவின் அந்தத் தலையசைப்புக்காக இனித் தேவன் கொஞ்ச நாள் பொறாமைப்படட்டும்.